குழந்தைக்குத் தீக்காயம்: எந்த அறிகுறி எதைச் சொல்கிறது? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்கு வெந்நீர் கொட்டி உடற்பரப்பில் 20 சதவீதக் காயம். பெரியவர்கள் இதே அளவைத் தாங்கிக்கொள்கிறார்களே, குழந்தைக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை?

பதில்: அந்த 20 சரிதானா என்று முதலில் பாருங்கள். பெரியவர்களுக்கான ‘ஒன்பதுகளின் விதி’ (உடற்பரப்பை ஒன்பது ஒன்பது சதவீதமாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) குழந்தைக்குப் பொருந்தாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலை மட்டுமே உடற்பரப்பில் ஏறத்தாழ 19 சதவீதம்; பெரியவருக்கோ 7தான். வயதுவாரியாகப் பிரித்த லண்ட்-பிரவுடர் அட்டவணைப்படிதான் கணக்கிட வேண்டும். ஆங்காங்கே சிதறிய காயமென்றால், விரல்களோடு சேர்த்துக் குழந்தையின் உள்ளங்கையளவு ஒரு சதவீதம். கொப்புளமில்லாமல் வெறுமனே சிவந்த இடத்தைச் சேர்க்கக் கூடாது. அதைச் சேர்ப்பதால்தான் பல நேரம் கணக்கு வீங்கிப்போகிறது.

எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு அதிகம். நீரும் உடற்சூடும் வேகமாக வெளியேறும். தோல் மெல்லியது என்பதால் காயம் ஆழமாக இறங்கும். 10 சதவீதத்தைத் தாண்டினாலே ரத்தக்குழாய் வழியாகத் திரவம் தேவைப்படும். ஒரு கிலோ எடைக்கு, காயத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 3 மி.லி. என்பது சூத்திரம். குழந்தை 12 கிலோ என்றால் 3 × 12 × 20 = 720 மி.லி. முதல் 24 மணி நேரத்துக்கு. அதில் பாதி, 360 மி.லி., முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் காயம்பட்ட நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. இரண்டு மணி நேரம் தாமதித்து வந்தால் மணிக்கு 60 மி.லி. போக வேண்டும். இது போக அன்றாடத் தேவைக்கான சுமார் 1,100 மி.லி. குளுக்கோஸ் கலந்த திரவம் தனி. குழந்தையின் கல்லீரலில் சர்க்கரை இருப்பு குறைவு. இதை மறந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும்.

சூத்திரம் தொடக்கம்தான். மணிக்குக் கிலோவுக்கு 1 மி.லி. சிறுநீர், அதாவது இந்தக் குழந்தைக்கு 12 மி.லி., வருகிறதா என்று பார்த்துத்தான் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கூடிப்போனாலும் ஆபத்து: நுரையீரலில் நீர் கோக்கும், வயிறு இறுகிச் சிறுநீரகத்தை நசுக்கும்.

கேள்வி: யாருக்குச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே சொல்ல மதிப்பெண் முறை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. தீக்காயத்தால் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்கும் திருத்தப்பட்ட பாக்ஸ் மதிப்பெண்ணில் வயதையும் காயத்தின் சதவீதத்தையும் கூட்டி, புகை நுரையீரலுக்குள் போயிருந்தால் 17 சேர்ப்பார்கள். ஆனால் அதில் வயது குறையக் குறைய ஆபத்தும் குறைவதாகக் கணக்கு. கைக்குழந்தைக்கு அது பொய். அதனால் காயத்தின் பரப்பு, ஆழம், புகை, வயது என்று தனித்தனியாக எடைபோடுவதே நல்லது. காயம் 60 சதவீதத்தைத் தாண்டினால் தேர்ந்த சிகிச்சை மையங்களிலும் ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது.

அதைவிட, ஒரே குழந்தையிடம் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் சொல்லும். பெரிய தீக்காயத்தில் 38.5 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சல் கிருமி இல்லாமலும் வரும். ஆகவே காய்ச்சலை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. 39-க்கு மேல் ஏறினாலோ 36.5-க்குக் கீழே இறங்கினாலோ, கூடவே பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) சரிந்தாலோ, நேற்றுவரை ஏற்ற பால் இன்று வயிற்றில் தங்காவிட்டாலோ, சர்க்கரை காரணமின்றி ஏறினாலோ செப்சிஸ் (தொற்றால் உடலின் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) என்று சந்தேகித்துத் தேட வேண்டும். ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். குழந்தைகளில் அது கடைசியில்தான் விழும். அதற்கு முன்பே நாடி வேகமெடுக்கும், கைகால் சில்லிடும், குழந்தை சோர்ந்து கிடக்கும்.

கேள்வி: காயம் 3 சதவீதம்தான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயமில்லையே?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் முதல் சில நாட்களில் ஒன்றைக் கவனியுங்கள். காயம் பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். குழந்தைக்கோ திடீரென்று 39 டிகிரி காய்ச்சல், உடம்பெங்கும் செம்படை, வாந்தி அல்லது பேதி, காரணமில்லாத சிணுங்கல். இது ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சால் வரும் அதிர்ச்சிநிலையாக இருக்கலாம். சிறு குழந்தைகளிடம் அந்த நஞ்சை எதிர்க்கும் சக்தி பெரும்பாலும் உருவாகியிருக்காது. அம்மை, வயிற்றுக்கோளாறு என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் உடனே கொண்டுபோய், தீக்காயம் பட்டதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தழும்பு விழுமா?

பதில்: இரண்டு வாரத்துக்குள் ஆறினால் பெரும்பாலும் விழாது. மூன்று வாரம் தாண்டியும் ஆறாத காயம் தடித்த தழும்பாகும் வாய்ப்பு அதிகம். அதற்கு முன்பே தோல் ஒட்டுவதுபற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.