ஹெச்-1பி விசாவில் இருப்பவர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து குடியுரிமை வாங்க முடியுமா?

இப்போது முடியாது. கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வேண்டும்.

2008 கடைசியில் மாவ்னி என்றொரு திட்டம் வந்தது. மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்களைக்கூட, மருத்துவம் படித்திருந்தால் அல்லது ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்திருந்தால் எடுத்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றிய பழைய வீடியோவைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கிரீன் கார்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் அத்தை மகன் அப்படித்தான் சேர்ந்தான். சேரும் நாளில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்ததுமே தானும் அமெரிக்கன்தான் என்று நினைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்ற வாக்கியம் ராணுவ உறுதிமொழியிலும் வருகிறது, குடியுரிமை உறுதிமொழியிலும் வருகிறது. ஆனால் முதலாவது யாரையும் குடிமகன் ஆக்காது. குடியுரிமைக்கான விண்ணப்பமான என்-400 படிவத்தை நாமேதான் போட வேண்டும். கூடவே என்-426 வேண்டும். நல்லபடியாகப் பணிபுரிகிறார் என்று ராணுவ அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம் அது. அந்தக் கையெழுத்துக்காக அவன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், அப்படித்தான் கிடைத்தது.

போட்டுவிட்டால் சலுகை பெரியது. 2001 செப்டம்பர் 11 முதலான காலத்தைப் போர்க்காலமாகக் கணக்கிட 2002-இல் அதிபர் புஷ் ஆணையிட்டார். அதனால் மற்றவர்களைப் போல ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பக் கட்டணமும் கிடையாது.

போடாமல் விட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. போர்முனைக்குப் போய் வந்தவர்கள், அப்புறம் ஏதோ ஒரு வழக்கில் தண்டனை பெற்று, குடியுரிமை இல்லாத ஒரே காரணத்தால் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் திஹுவானாவில் அப்படிப்பட்ட முன்னாள் வீரர்களுக்கென்றே ஒரு புகலிடம் இருக்கிறது. தண்டனையை அனுபவித்து முடித்தவரை, அவர் சண்டை போட்ட நாடே வெளியே தள்ளுவது அநியாயம்.

இன்னொன்று. இந்த வழியில் குடியுரிமை வாங்கியபின், மொத்தம் ஐந்து வருடம் நல்லபடியாகப் பணிபுரிவதற்குள் கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டால், கொடுத்த குடியுரிமையைப் பறிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.