வாசகர் கேள்வி பதில்: ஆடியில் பினாங்கு, சாப்பிடப் போகிறவர்களுக்கு

கேள்வி: திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறோம். ஆடி மாதம் கல்யாணம் காட்சி எதுவும் இருக்காது, ஷிப்மெண்ட் ஒன்று போனதும் நாலு நாள் வெளியே போகலாம் என்று நினைக்கிறோம். நான், மனைவி, எட்டாவது படிக்கிற பையன், என் மாமியார். மாமியார் சுத்த சைவம். ஏஜென்ட் ஒருவர் கோலாலம்பூர், லங்காவி, பினாங்கு மூன்றையும் நாலு நாளில் காட்டிவிடலாம் என்கிறார். எங்களுக்குச் சுற்றிப் பார்ப்பதைவிடச் சாப்பாட்டில்தான் ஆசை. போகலாமுங்களா?

பதில்: தாராளமாகப் போகலாமுங்க, ஆனால் அந்த மூன்றில் இரண்டை அடித்துவிட்டுப் போங்கள். நாலு நாளில் மூன்று ஊர் என்றால் பாதிப் பொழுது விமான நிலைய வரிசையிலும், பெட்டியைக் கட்டுவதிலும் பிரிப்பதிலும் போய்விடும். சாப்பாடுதான் முக்கியம் என்கிறீர்கள், அப்படியானால் பினாங்கு மட்டும் போதும். தீவிலும் கடற்கரை ரிசார்ட் பக்கம் போகாமல் ஜார்ஜ் டவுன் பழைய ஊருக்குள்ளேயே அறை எடுங்கள். காரணம் இருக்கிறது. அங்கே நல்ல சாப்பாடு ஹோட்டலில் இல்லை, தள்ளுவண்டியிலும் காப்பிக்கடை ஓரத்துக் கடையிலும்தான். அந்தக் கடைகள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் திறக்கும், காலையில் போடுகிறவர் மதியம் மூட்டை கட்டிவிடுவார், சாயங்காலக்காரர் ஆறு மணிக்குத்தான் அடுப்பே பற்றவைப்பார், வாரத்தில் ஒரு நாள் லீவு வேறு. இன்று பூட்டியிருந்தால் நாளை நடந்தே போய்ப் பார்க்கிற தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் போகிற வழி. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து பினாங்கு சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சிங்கப்பூரில் பெட்டியை வாங்கி மறுபடி போட வெளியே வர வேண்டியிருக்கும், அதற்கு சிங்கப்பூர் விசா கேட்பார்கள். பலரும் மாட்டுகிற இடம் இது. இல்லாவிட்டால் சென்னை போய் நேரடியாகப் பினாங்கு போகலாம். மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை, 2023 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வருகை அட்டை ஒன்றை ஆன்லைனில், போவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற இணையதளம் வந்தால் மூடிவிடுங்கள்.

இப்போது சாப்பாடு. காலையில் ரொட்டி சானாய், கூடவே தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ. ரொட்டியில் சொல்ல ஒன்றும் இல்லை, நம் பரோட்டா வம்சம்தான். மதியம் நாசி கண்டார். தோளில் காவடி மாதிரி கம்பு வைத்து ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றுக்கொண்டு போன தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது. இன்று கடையாகிவிட்டது, ருசி போகவில்லை. சோற்றை வாங்கி, கறியைக் கை காட்டி, கடைசியில் “பஞ்சிர்” என்று சொன்னால் நாலைந்து குழம்பைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். பெரிய இறாலையும் மீன் சினையையும் விலை கேட்டுவிட்டு எடுங்கள், பில் அங்கேதான் ஏறும்.

சாயங்காலம் லோரோங் பாரு என்கிற சந்துக்குப் போங்கள். அங்கேயும் மற்றக் காப்பிக்கடைகளிலும் ஒரு முறை உண்டு: முதலில் மேசை பிடியுங்கள், பிறகு ஆளுக்கொரு கடையில் ஆர்டர் சொல்லி மேசையைக் காட்டுங்கள், தட்டு வரும்போது காசு கொடுங்கள், குடிக்க ஏதாவது காப்பிக்கடைக்காரரிடமே வாங்கிவிடுங்கள், வாங்காமல் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள். ஒரு தட்டை ஒருவர் முழுக்கச் சாப்பிட வேண்டாம். நாலு பேருக்கு இரண்டு தட்டு, பிறகு நடை, பிறகு இன்னும் இரண்டு. சார் குவே தியாவ் என்பது தட்டை அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டை, முளைகட்டிய பயறோடு பெரிய தீயில் புரட்டுவது. கருகல் வாசம்தான் அதன் உயிர், ஆறிவிட்டால் ஒன்றுமில்லை. அசாம் லக்சா வேறு ஜாதி, மீனைப் புளியோடு கொதிக்கவிட்டு இஞ்சிப் பூவும் புதினாவும் போட்டது. நம் ஆளுக்கு முதல் வாயில் பிடிக்காது, மூன்றாவது வாயில் பிடித்துவிடும். வெயிலுக்கு செண்டோல், தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பச்சைச் சேவும் ஐஸும். மாமியாருக்கு இதுவே போதும் என்றாகிவிடும்.

அவருக்குத்தான் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். “காய்கறி” என்று சொன்னாலும் நூடுல்ஸில் இறால் விழுதும் மீன் சாஸும் இருக்கும், அவர்கள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால் தள்ளுவண்டியை நம்ப வேண்டாம். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் சைவக் கடைகளும் உண்டு. சீன பௌத்தர்களின் சைவக் கடைகளும் உண்டு, அங்கே வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் சோயாவில் வாத்து, மீன் என்று அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுவார். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிய இடியாப்பம் தெருவில் விற்கும். சந்தகை சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அது புதுசே இல்லை.

பார்க்கிற இடம் என்றால் ஒரு காலை நேரத்தைப் பழைய ஊருக்குக் கொடுங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எல்லாம் நடந்தே பார்க்கிற தூரம். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்னொரு நாள் விடியற்காலையில் பினாங்கு மலைக்கு இழுவை ரயில் ஏறுங்கள், பையனுக்கு அது பிடிக்கும். பத்து மணிக்கு மேல் போனால் வரிசை. இறங்கும்போது பக்கத்தில்தான் கெக் லோக் சி கோயில். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, மாமியாரின் முட்டியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். லங்காவி எங்கும் ஓடிப்போகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சேராது. அங்கே எப்படிக் கண்டுபிடிப்பது? (உடுமலை வாசகி)

பதில்: சீனர் நடத்தும் கடையில் சார் குவே தியாவ் பன்றிக் கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம். ஹொக்கியன் மீ என்கிற நூடுல்ஸ் சூப்பில் பெரும்பாலும் பன்றி எலும்பும் இறால் தலையும் கொதித்த சாறுதான். ஹலால் பலகை இருக்கிற கடையில் இந்தப் பயம் இல்லை. ஆனால் அங்கே மாட்டுக்கறி இருக்கும். மேலே சொன்ன பஞ்சிரில் மாட்டுக்குழம்பும் கலந்துவிடும், அதனால் ஊற்றுவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். பல கடைகளில் தமிழிலேயே சொல்லலாம்.

கேள்வி: சாப்பாட்டுக்குத் தலைக்கு எவ்வளவு ஆகும்? (ஈரோடு)

பதில்: தெருக்கடையில் ஒரு தட்டு சுமார் 7 முதல் 12 ரிங்கிட், ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்குச் சற்று மேலே. சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் கடைகளில் கார்டு எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டவருக்கு ஹோட்டலில் ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, புக்கிங் தொகையில் பல சமயம் சேர்ந்திருக்காது. போய் நின்றதும் சண்டை போட வேண்டாம், அது சட்டப்படிதான்.

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் வைத்திருக்கிறேன். பினாங்கிலும் ஜாதிக்காய் உண்டாமே, பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்குங்களா?

பதில்: நீங்கள் போகாவிட்டால்தான் தப்பு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மொலுக்கா தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்டது, இன்றும் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் தோட்டங்கள் இருக்கின்றன. ஆடியில் போனால் டுரியான் பருவமும் சேர்ந்து வரும். நாம் கொட்டையையும் பத்திரியையும் எடுத்துவிட்டு மேல் சதையைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே போட்டுவிடுகிறோம். அங்கே அந்தச் சதையில்தான் காசு. சர்க்கரையில் ஊறப்போட்டும், காயவைத்தும், பிழிந்து ஜூஸாகவும் விற்கிறார்கள். ஐஸ் போட்ட ஜாதிக்காய் ஜூஸ் காப்பிக்கடைகளில் கிடைக்கும், பாலிக் புலா லக்சாவோடு குடித்துப் பாருங்கள். ஊறுகாய், தைலம், உலர்ந்த சதை எல்லாம் வாங்கி வந்து வீட்டில் செய்து பார்க்கலாம். நாற்று மட்டும் பையில் போட்டு வராதீர்கள். அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.