41 மப்ளர்

அன்புள்ள அக்கா,

2023 ஜூனில் ஜொகன்னஸ்பர்க் வந்தேன். மதுரைக்காரி. வந்த வாரமே குளிர் தாங்காமல் ஒரு மப்ளர் வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தால் 41 இருக்கிறது. கம்பளி, பட்டு, 120 ராண்டுக்குக் கிடைத்த ஒரிஜினல் பாஷ்மினா எல்லாம் உண்டு. பாதிக்கு மேல் இன்னும் கட்டவே இல்லை. சிலவற்றுக்குப் பொருத்தமான உடை அமையவில்லை, சிலவற்றின் மடிப்பைக் கலைக்க மனம் வரவில்லை. அவர், "பேசாமல் கடை வைத்துவிடு" என்கிறார். இப்படிச் சேர்ப்பது ஒரு நோயா? மயிலுக்கே போர்வை கொடுத்த பேகன் பரம்பரை நாம், நமக்குப் போர்த்திக்கொள்ளும் ஆசை இருப்பதில் என்ன தப்பு? ஸ்கார்ஃபுக்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா? வெயில்காலத்தில் பூச்சி அரிக்காமல் இவற்றை எப்படி வைப்பது?

எஸ்., மிட்ராண்ட்

அன்புள்ள எஸ்.,

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாய், சந்தோஷம். கணக்குப் பார்த்தால் பெரியம்மா முறை வரும். அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலை இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. கெட்டிலைப் போட்டுவிட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை ஆயாவை நினைத்துக்கொண்டு நின்றேன். ஆயா யார் என்று பிறகு சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து மப்ளர் என்று ஒரு கடிதம் வந்தால் சும்மா இருக்க முடியுமா?

நோயா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. உன் வீட்டுக்காரரை அவருடைய பழைய சார்ஜர் வயர்களை எண்ணச் சொல், அப்புறம் பேசட்டும். தமிழ்ச் சொல்லா? மப்ளர் என்றே சொல். ஊட்டி டீக்கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள், யாருக்கும் புரியாமல் போனதில்லை. கழுத்துக்கட்டு, கழுத்தாடை என்று நாமாக ஒன்றைச் செய்தால் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருகிறது. பேகனையும் விட்டுவிடு. அவன் கொடுத்தது தன் தோளில் கிடந்ததை. பீரோவில் மடித்து வைத்ததை அல்ல.

என்னை உட்கார வைத்தது ஒரே ஒரு வரி. "மடிப்பைக் கலைக்க மனம் வரவில்லை." இதை நீ ஏதோ நல்ல குணம் மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மேல் பாதி, என் அம்மா மேல் பாதி.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு பீரோவில் எல்லாம் "நல்ல நாளுக்கு" இருக்கும். ஆறு எவர்சில்வர் டம்ளர், கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பேப்பரோடு. டவலைக்கூட விருந்தாளிக்கு என்று வைத்திருப்பாள். நாங்கள் நூல் போன டவலில் தலை துவட்டுவோம். அம்மாவிடம் அரக்கு நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் இருந்தது. என் கல்யாணத்துக்குக் கட்டுவாள் என்று நினைத்தேன். கட்டவில்லை, "தம்பி கல்யாணத்துக்கு" என்றாள். அவன் கல்யாணத்தன்று எடுத்து உதறினால், மடித்த இடமெல்லாம் ரூல் போட்டுக் கிழித்த மாதிரி விட்டுப்போயிருக்கிறது. பட்டை அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஜரிகை போகிற கோட்டிலேயே இற்றுவிடும். அம்மா அழவில்லை. அதை மறுபடியும் அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தாள்! அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில்தான் 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜூன் என்றால் இங்கே குளிர்காலம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அவருடைய ஓவர்கோட் பெட்டியில் இருந்தது, பெட்டி ரயில்வேக்காரர்களிடம் இருந்தது. போய்க் கேட்டால் திரும்பவும் அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமல் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சரி, அவருக்குக் காரணம் இருந்தது. பெட்டிச் சாவி உன் கையில் இருக்கிறது, உனக்கு என்ன?

2023 ஜூலை 10 அன்று ஜொகன்னஸ்பர்க்கில் பனி கொட்டியது. 2012க்குப் பிறகு அன்றைக்குத்தான். நீ வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, பால்கனியில் நின்று பார்த்திருப்பாய். அன்று கழுத்தில் எது இருந்தது? அதை எழுதியிருக்கலாம். 41 என்று எண்ணிக்கை எழுதியிருக்கிறாய்.

ஆயாவுக்கு வருகிறேன்.

1998இல் வீட்டுக்காரருக்குப் பள்ளி வேலை கிடைத்து இங்கே வந்தோம். நார்த்டேலில் ஒரு வீட்டின் பின்பக்க அவுட்பில்டிங், ஒரே அறை. இந்த நாட்டு வீடுகளுக்குக் குளிர் என்று ஒன்று வரும் என்பதே தெரியாது. சூடாக்க ஏற்பாடு கிடையாது, ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று. பகலில் வெளியே வெயிலில் நின்றால் சுகமாக இருக்கும், உள்ளே வந்தால் பல் கிட்டும். எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் மார்கழி விடியல்தான். வீட்டுக்காரரின் ஈரோட்டுத் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு துணி காயப்போடப் போனேன். முன்வீட்டு ஆயா பார்த்தாள்.

"இன்னா புள்ள, பார்பர் கடையில குந்திக்கினு இருக்கிற மாரி?"

வீட்டுக்கார அம்மாவின் மாமியார். எழுபதைத் தாண்டியவள். வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பேத்தி. அந்தப் பேச்சு மூன்று தலைமுறை கடந்து, கடல் கடந்து அவள் நாக்கில் அப்படியே இருந்தது. நடுநடுவே இங்கிலீஷ், கொஞ்சம் ஜூலு. உள்ளே போய் ஒரு மப்ளர் கொண்டுவந்தாள். செங்கல் பொடி நிறம். அவளே பின்னியது. ஒரு ஓரத்தில் நூல் தீர்ந்துபோய் வேறு சிவப்பு போட்டிருந்தாள். தன் கழுத்திலேயே அதைக் கொஞ்ச நேரம் சூடாக்கிவிட்டு என் கழுத்தில் போட்டாள். நல்லெண்ணெய், வின்டர்கிரீன் தைலம், கொஞ்சம் விறகுப் புகை. ஒரு மப்ளரில் இத்தனையும் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த ஆடி மாதம் லாங்மார்க்கெட் தெரு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நம் ஊரில் ஆடிக்கூழ் வயிற்றைக் குளிர வைக்க. இங்கே ஆடி என்றால் நடுக் குளிர். ஆனாலும் கூழ் உண்டு, அதே கூழ். புடவை, புடவைக்கு மேல் ஜெர்சி, ஜெர்சிக்கு மேல் மப்ளர், கையில் புளித்த கூழ். வரிசையாகப் பெண்கள் நின்று குடிக்கிறார்கள். ஆயா மப்ளர் நுனியாலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு முகம் சுளித்தது. இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது இதுதான்: பொருத்தமான உடை வரட்டும் என்று மப்ளர் காத்திருக்காது. செங்கல் பொடி நிறத்துக்கு என் ஒரு புடவையும் பொருந்தவில்லை. மூன்று மாதம் எல்லாப் புடவைக்கும் அதையே கட்டினேன்.

பிறகு கொன்றேன். செப்டம்பரில் வெயில் வந்ததும், திருப்பிக் கொடுக்கும்முன் சுத்தமாகத் துவைத்துக் கொடுப்போம் என்று மெஷினில் சுடுதண்ணீரில் போட்டேன். வெளியே வந்தது ஒரு முழம் நீளத்தில், செருப்பு அட்டை மாதிரி ஒரு வஸ்து. கம்பளி இழைமேல் மீன் செதில் போல அடுக்கு இருக்கிறது. சூடும் சோப்பும் சுழற்சியும் சேர்ந்தால் செதில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும், பிறகு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. அழுதுகொண்டே கொண்டுபோய்க் காட்டினேன். ஆயா அதை இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். "நல்லா கெட்டியாத்தான் ஆயிருக்குது" என்றாள். இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் தைத்து, ஹாட் வாட்டர் பாட்டிலுக்கு உறை ஆக்கிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது உன் 120 ராண்ட் ஒரிஜினல் பாஷ்மினா. அம்மா தாயே. பாஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டில் வளரும் ஆட்டின் உள்ரோமம். வசந்தகாலத்தில் சீப்பால் வாரி எடுப்பார்கள். இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான், நம் தலைமுடியில் நாலில் ஒரு பங்குகூட வராது. அதை வாரி, சுத்தம் செய்து, கையால் நூற்று, நெய்து, மிட்ராண்ட் வரை கொண்டுவந்து 120 ராண்டுக்கு ஒருவன் விற்கிறான் என்றால் அவன் பெயரில்தான் கோயில் கட்ட வேண்டும். ஓரக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவு. சிங்க்குக்கு மேலே இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டு. முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது ரோமம். பேப்பர் எரிகிற வாசனை வந்தால் விஸ்கோஸ், மரக்கூழில் செய்த நூல், அதுவாகத்தான் இருக்கும். உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக், செயற்கை நூல். உங்கள் ஊர்க் குளிர் வறண்ட குளிர். கழற்றும்போது சடசடவென்று பொறி பறந்து, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்கிறதே, பெரும்பாலும் அந்த அக்ரிலிக் செய்கிற வேலை. விஸ்கோஸ் பாவம் இல்லை. அக்ரிலிக்கும் பாவம் இல்லை, அவசரத்துக்கு நானும் கட்டுகிறேன். விஸ்கோஸை பாஷ்மினா என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைக்கிறாய் பார், அதுதான் தாங்க முடியவில்லை. எதற்காகக் கலைக்காமல் வைத்திருக்கிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

ரோமம்தான் வேண்டும் என்றால் லடாக் வரை போவானேன்? உலகத்து மோஹேரில், அதாவது அங்கோரா ஆட்டு ரோமத்தில், ஏறக்குறைய பாதி இந்த நாட்டிலிருந்துதான் போகிறது. ஈஸ்டர்ன் கேப் பக்கம், கரூ வறண்ட காட்டில் அங்கோரா ஆடுகள். 1838இல் துருக்கியிலிருந்து 12 கிடாக்களும் ஒரு பெட்டையும் கப்பலில் வந்தன. இனம் வெளியே போய்விடக் கூடாது என்று கிடாக்களை மலடாக்கித்தான் அனுப்பியிருந்தார்கள். பெட்டை சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வழியில் குட்டி போட்டது, கிடாக்குட்டி. மீதியை நீயே ஊகித்துக்கொள்.

ஒரு ஆகஸ்டில் யான்சன்வில் அருகே ஒரு பண்ணைக்குப் போயிருந்தோம். அப்போதுதான் ரோமம் கத்தரித்திருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்களாம். தோல் ரோஸ் நிறத்தில் தெரிய, பெரிய காதுகளோடு, பரீட்சைக்கு மொட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி நின்றன. தெற்கே மேகம் கொஞ்சம் கறுத்தது. பேசிக்கொண்டிருந்த பண்ணைக்காரர் பாதிப் பேச்சில் ஓடினார். எல்லோருமாக ஆடுகளைக் கொட்டகைக்கு விரட்டினார்கள். கத்தரித்த முதல் சில வாரங்களில் குளிர்காற்றோடு மழை பிடித்தால் ஒரே ராத்திரியில் கூட்டமாகச் செத்துவிடும், உடம்பில் கொழுப்பு கிடையாது என்றார். எனக்குக் கழுத்தில் மோஹேர் இருந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்புறம் குளிர் தாங்காமல் மறுபடியும் எடுத்துக் கட்டினேன்.

பூச்சி பற்றிக் கேட்டிருந்தாய், மறந்தே போனேன். அந்துப்பூச்சியின் புழு ரோமத்தையும் பட்டையும்தான் தின்னும், உன் அக்ரிலிக்கை மோந்துகூடப் பார்க்காது. வியர்வை, குழம்புக் கறை உள்ள இடத்தில்தான் முதலில் வாய் வைக்கும். அதனால் கட்டியதைக் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல், டவலில் சுருட்டி அழுத்தி, படுக்கப் போட்டுக் காய வை. நாப்தலீன் உருண்டை வேண்டாம், தலை வலிக்கும். காய்ந்ததை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை, முட்டையும் சாகும். பிறகு எடுத்து அலமாரியில் வைக்கலாம். 41க்கும் ஃப்ரீசரில் இடம் இருக்காது, அது உன் பாடு.

என்னிடம் இப்போது ஐந்து மப்ளர் இருக்கிறது. ஐந்திலும் மஞ்சள் கறை உண்டு. ஒவ்வொரு செப்டம்பரிலும் அவற்றோடு ஆயாவின் பாட்டில் உறையையும் சேர்த்துப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். ஆயா போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. உறையில் தைலத்தின் வாசனை எப்போதோ போய்விட்டது, தையல் மட்டும் ஒரு கண்ணிகூட விடவில்லை. இந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது, மே மாதமே வெளியே எடுத்துவிட்டேன்.