சபை இரண்டாகப் போகிறது: கமிட்டி என்ன செய்யலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் சபை. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட கணக்கில் தகராறு வந்து, பழைய குடும்பங்கள் ஒரு பக்கம், எஸ்டேட் லைனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் சிலோன்காரர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டோம். அவர்கள் தனியாக வீட்டு ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். 'போனவர்களுக்குக் கல்லறையில் இடமில்லை' என்றும் இங்கே ஒருவர் பேசிவிட்டார். நான் கமிட்டியில் இருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் கணக்கை முடியுங்கள், அதுதான் சுலபம். இரு தரப்பிலும் ஒருவர், வெளிச் சபையிலிருந்து ஒருவர் என்று மூவர் உட்கார்ந்து ரசீதுகளைப் பார்க்கட்டும். வரவு, செலவு, பாக்கியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாக்கிக்காரர்களின் பெயர் மட்டும் வேண்டாம், அது புதுச் சண்டையைக் கிளப்பும்.

ஆனால் உங்கள் பிரச்சினை ஏலத்தில் ஆரம்பித்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களையும் நீங்கள் 'சிலோன்காரர்கள்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கமிட்டியில் அவர்கள் எத்தனை பேர்? காணிக்கை எண்ணும் மேசையில்? இல்லை, அசனம் என்ற சபை விருந்துக்கு விறகு சுமக்க மட்டும்தானா?

எருசலேம் சபையிலும் இதே கதைதான். தினசரிப் பங்கீட்டில் கிரேக்கு பேசும் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்ததை பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரம் சொல்கிறது. அப்போஸ்தலர்கள் ஒற்றுமையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் போகவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் கையிலேயே பொறுப்பு போனது என்றுதான் நான் படிக்கிறேன். உங்கள் சபையிலும் காணிக்கைப் பெட்டிச் சாவிகளில் ஒன்று லைன் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் பேச்சு. மத்தேயு 18 சொல்லும் வரிசை தெரிந்ததுதான்: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, கடைசியில் சபையில். நாம் வாட்ஸ்அப்பில் தொடங்கி, பேராயருக்கு மனு போட்டு, நேரில் பேசுவதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். ஆயர் முடித்து வைப்பார் என்றும் காத்திருக்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார், ஊரில் இருக்கப்போவது நீங்கள்தான்.

வீட்டு ஜெபத்தைக் கண்டிக்க வேண்டாம். கூப்பிட்டால் போய் உட்காருங்கள். சபைப் பதிவேட்டில் யார் பெயரையும் அடிக்காதீர்கள். கல்லறைப் பேச்சை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இடம் எல்லாருக்கும் உண்டு என்று இந்த வாரமே கமிட்டியில் தீர்மானம் எழுதி, ஞாயிறு ஆராதனையில் வாசித்துவிடுங்கள். அப்படிப் பேசியவரே வாசித்தால் இன்னும் நல்லது.