ராய் ஃபிரான்சிஸ், பயிற்சியாளர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரக்பி லீக் பயிற்சியாளர் ராய் ஃபிரான்சிஸ் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். பிரிட்டனில் ஒரு தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்று. நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அவர் உண்மையிலேயே பெரிய பயிற்சியாளரா, இல்லை முதல் ஆள் என்பதற்காக இப்போது தேடியெடுத்துக் கொண்டாடுகிறார்களா? நன்றாக ஆடியவர்கள் நன்றாகச் சொல்லித்தந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

ச.வெ., கோவில்பட்டி

அன்புள்ள ச.வெ.,

பெரிய பயிற்சியாளர்தான். அதை இரண்டு வரியில் முடித்தது அவருக்குப் போதாது, உங்கள் கடிதம் வந்தது நல்லதாயிற்று.

ரக்பி லீக் என்பது அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி. வேலைக்குப் போகாமல் ஆட வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியைத் தரலாமா என்ற சண்டையில், 1895இல் வட இங்கிலாந்து கிளப்புகள் பிரிந்து வந்து தொடங்கியது. சுரங்கமும் ஆலையும் துறைமுகமும் உள்ள ஊர்களின் ஆட்டம். வேல்ஸில் பிரின்மாரில் வளர்ந்த ஃபிரான்சிஸ், 17 வயதில் வட இங்கிலாந்தின் விகன் அணியில் சேர்ந்தார். ஹாரி சன்டர்லாண்ட் என்ற ஆஸ்திரேலியர் அங்கே மேலாளராக வந்ததும் பாரோ அணிக்கு விற்கப்பட்டார். நிறம்தான் காரணம் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த சன்டர்லாண்ட் பெயரில்தான் 2023 வரை லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கு விருது கொடுத்தார்கள். எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம்.

1946இல் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியா போனது. ஃபிரான்சிஸை எடுக்கவில்லை. அங்கே இருந்த நிறத்தடைக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட், அதாவது நாட்டு அணிகளுக்கு இடையிலான ஆட்டம், கிடைத்தது. இரண்டு ட்ரை போட்டார் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை). அதோடு சரி. விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில் வேகமாக ஓடும் இடத்தில் ஆடி, மொத்தம் 229 ட்ரை போட்ட மனிதர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போரின்போது அவர் ராணுவத்தில் உடற்பயிற்சி சார்ஜென்ட். உடம்பை எப்படித் தயார் செய்வது என்பதை அங்கே முறையாகக் கற்றார். 1950களின் தொடக்கத்தில் ஹல் அணியின் பயிற்சியை ஏற்றபோது, பல கிளப்புகளில் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவது, அப்புறம் குளியல். ஃபிரான்சிஸ் முன்வரிசையில் மோதி ஆடும், கனத்த உடம்புள்ள ஃபார்வர்டுகளுக்கும் வேக ஓட்டம் பழக்கினார். ஆட்டத்தைப் படம் பிடித்து, போட்டுக் காட்டித் தவறுகளைப் பேசினார். ஆட்டக்காரனின் மனம் எதில் சுணங்குகிறது என்று பார்த்தார். மனைவிமாரும் பிள்ளைகளும் ஆட்டத்துக்கு வர பஸ் ஏற்பாடு செய்தார். வீட்டில் நிம்மதி இல்லாதவன் களத்தில் முழுதாக இருக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று பெரிய கிளப்புகள் இதற்கெல்லாம் தனித்தனி ஆள் வைத்துச் சம்பளம் தருகின்றன. அவர் ஒருவராகச் செய்தார்.

பலன் வந்தது. 1956இல் ஹாலிஃபாக்ஸை 10-9 என்று வென்று ஹல் சாம்பியன், 1958இல் மறுபடியும். 1959, 1960 இரண்டு ஆண்டும் லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடக்கும் சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டி வரை போய்ப் பெரிய அடி வாங்கினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1963இல் லீட்ஸ் அணிக்குப் போனார். அந்த அணி 1967, 1968 இரு ஆண்டும் லீக் பட்டியலில் முதலிடம். 1968 வெம்பிளி இறுதிப்போட்டி கொட்டும் மழையில், தண்ணீர் தேங்கிய புல்லில் நடந்தது. கடைசி நிமிடத்தில் எதிரணியான வேக்ஃபீல்ட் ட்ரை போட்டு 11-10 என்று நெருங்கியது. ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து இன்னும் இரண்டு புள்ளி எடுக்கும் வாய்ப்புதான் கன்வெர்ஷன். கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே அது கிடைத்தது, உதைத்தால் வெற்றி. ஆட்டநாயகன் என்று அப்போதே தேர்வாகியிருந்த வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ் வெளியே உதைத்துவிட்டார். கோப்பை லீட்ஸுக்கு. அந்த உதையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஜெயித்த அணியை உருவாக்கியவரை மறந்துபோனார்கள்.

அப்புறம் ஆஸ்திரேலியாவில் நார்த் சிட்னி அணிக்கு இரண்டு பருவம். அது சரிவரவில்லை, நிறவெறியும் அங்கே காத்திருந்தது. திரும்பிவந்து 1975இல் லீட்ஸுக்குப் பிரீமியர்ஷிப் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

நன்றாக ஆடியவர்கள் நன்றாகச் சொல்லித்தருவதில்லை என்கிறீர்கள். பலர் விஷயத்தில் உண்மைதான். தனக்கு இயல்பாக வந்தது மற்றவனுக்கு ஏன் வரவில்லை என்று அவர்களுக்குப் புரிவதில்லை. ஃபிரான்சிஸ் வேறு. திறமை இருந்தும் ஒதுக்கப்பட்டவர் அவர். ஓர் ஆளைக் கிளப் எப்படி நடத்துகிறது என்பது அவன் ஆட்டத்தை என்ன செய்யும் என்று தன் அனுபவத்திலேயே அறிந்திருந்தார். அவருடைய பயிற்சி முறை முழுவதும் அங்கிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1961இல் கார்டிஃபிலிருந்து வந்த கிளைவ் சலிவன் என்ற பையன், பெயர் வெளியிடாமல், ஃபிரான்சிஸ் பயிற்சியாளராக இருந்த ஹல்லுக்கு ஒரு சோதனை ஆட்டம் ஆடி மூன்று ட்ரை போட்டான். சிறுவயதில் காலில் பல அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். மறுநாளே ஒப்பந்தம் போட்டார்கள். 1972இல் அந்த சலிவன் தலைமையில்தான் பிரிட்டன் உலகக்கோப்பை வென்றது. ஃபிரான்சிஸின் ஹல் அணித்தலைவர் ஜானி வைட்லி, பின்னாளில் பிரிட்டன் அணிக்குப் பயிற்சியாளராகி 1970இல் ஆஸ்திரேலிய மண்ணிலேயே ஆஷஸ் தொடரை வென்றார் (கிரிக்கெட்டைப் போல ரக்பி லீக்கிலும் ஆஸ்திரேலியாவுடனான தொடருக்கு அதே பெயர்தான்). அதற்குப் பிறகு பிரிட்டன் அந்தத் தொடரை வென்றதே இல்லை. 2023இல் பிரின்மாரில் ஃபிரான்சிஸுக்குச் சிலை வைத்தார்கள். அவர் மறைந்தது 1989இல்.

உங்கள் மாணவர்களிடம் அவரைப் பற்றிப் பேசினால், சலிவனையும் வைட்லியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்