ஒரே குழுமம், வேறு வேறு கல்லா

கேள்வி: என் மகள் திருமணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள். அவளுக்கு ஹாலிஃபாக்ஸ் என்ற வங்கியில் கணக்கு இருக்கிறது. அவள் ஊரில் இருந்த கிளையை மூடிவிட்டார்களாம். "லாயிட்ஸ் பேங்க் பக்கத்துலயே இருக்குதுங்கப்பா, ரெண்டும் ஒரே கம்பெனிதான், அங்கேயே கட்டிக்கலாம்" என்கிறாள். பெயர் வேறாக இருக்கும் வங்கியில் பணத்தைக் கட்டினால் அது அவள் கணக்கில் ஒழுங்காகச் சேருமா?
— ஒரு தந்தை, சென்னிமலை

பதில்: சேரும், தங்கள் மகள் சொல்வது சரிதான். லாயிட்ஸ், ஹாலிஃபாக்ஸ், பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஆகிய மூன்றும் லாயிட்ஸ் வங்கிக் குழுமத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1695-இல் தொடங்கப்பட்டது. ஹாலிஃபாக்ஸ் 1853-இல் வீட்டுக்கடன் சங்கமாகப் பிறந்தது. இவ்விரண்டும் 2001-இல் இணைந்தன. உலக நிதி நெருக்கடியில் அந்த இணைப்பு வங்கி தள்ளாடியபோது, 2009 ஜனவரியில் லாயிட்ஸ் அதனை வாங்கியது. ஆனாலும் பழைய பெயர்ப்பலகைகளை இறக்கவில்லை. ஒரே முதலாளியின் கீழ் இருந்தும், ஒரு பலகையின் வாடிக்கையாளர் இன்னொரு பலகையின் கவுண்டரில் எல்லா வேலையையும் முடித்துக்கொள்ள முடியாது என்ற நிலைதான் பல ஆண்டுகள் நீடித்தது. 2025-ஆம் ஆண்டில்தான், மூன்றில் எதில் கணக்கு வைத்திருந்தாலும் மூன்றின் கிளைகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அக்குழுமம் வழிசெய்தது. கிளைகளை அடுத்தடுத்து மூடிவரும் குழுமம் இது என்பதால், இதனை வாடிக்கையாளருக்குக் கொடுத்த சலுகை என்பதைவிட, மூடியதற்குச் செய்த ஈடு என்றே நான் கொள்வேன். கிளை எதுவும் அருகில் இல்லாதவர்கள், அந்நாட்டின் பெரும்பாலான வங்கிகளுக்காக அஞ்சலகங்களிலேயே பணம் கட்டவும் எடுக்கவும் முடிகிறது என்பதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்நாட்டில் வங்கி நொடித்தால், ஒருவருடைய வைப்புத்தொகைக்கு 1,20,000 பவுண்டு வரை காப்பு உண்டு. 2025 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வரம்பு இது, அதற்கு முன் 85,000 பவுண்டாக இருந்தது. இந்த வரம்பு பெயர்ப்பலகைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதில்லை. வங்கி உரிமத்துக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது. ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே உரிமத்தின் கீழ் இயங்குகின்றன. லாயிட்ஸ் வங்கிக்குத் தனி உரிமம். ஆகவே முதல் இரண்டிலும் பணத்தைப் பிரித்துப் போட்டாலும் காப்பு ஒன்றுதான். ஹாலிஃபாக்ஸில் பாதியும் லாயிட்ஸில் பாதியும் வைத்தால் காப்பு இரண்டு. முதலாளி யார், பலகை எது, உரிமம் யாருடையது என்ற மூன்றும் மூன்று வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் தமிழ்நாடு கிராம வங்கியில் கணக்கு வைத்திருக்கிறேன். அது இந்தியன் வங்கியைச் சேர்ந்தது என்று பலகையிலேயே இருக்கிறது. சந்தை நாளில் டவுனுக்குப் போகும்போது அங்குள்ள இந்தியன் வங்கியில் என் பாஸ்புக்கைக் காட்டிப் பணம் கேட்டால் மறுத்துவிட்டார்கள். சேர்ந்த வங்கி என்றால் கொடுக்க வேண்டாமா?
— மஞ்சள் விவசாயி, அந்தியூர்

பதில்: மறுத்தவர் மீது குற்றம் இல்லை. நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலும் இதே கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும். "பங்காளி வீடுதானுங்களே" என்பார்கள். பங்காளி வீடுதான், ஆனால் பாகம் பிரித்த வீடு. உலை வேறு, கல்லா வேறு.

கிராம வங்கிகள் 1976-ஆம் ஆண்டின் வட்டார ஊரக வங்கிகள் சட்டத்தின்படி அமைந்தவை. அவற்றின் மூலதனத்தில் 50 விழுக்காடு மத்திய அரசுக்கும், 15 விழுக்காடு மாநில அரசுக்கும், 35 விழுக்காடு ஆதரவு வங்கிக்கும் உரியது. தாங்கள் குறிப்பிடும் வங்கி, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பல்லவன் கிராம வங்கியும் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாண்டியன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1 அன்று இணைந்ததால் உருவானது. பாண்டியனுக்கு அதுவரை ஆதரவு வங்கியாக இருந்தது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. இணைந்த வங்கிக்கு ஆதரவு வங்கி இந்தியன் வங்கி, தலைமையிடம் சேலம். ஆதரவு வங்கி என்பது பங்குப் பணம் போட்டு, பயிற்சியும் வழிகாட்டுதலும் தருகிற பொறுப்பு. தங்கள் கணக்கின் பேரேடு அதன் கையில் இல்லை. தங்கள் கையெழுத்து மாதிரியும் இருப்புத் தொகையும் தன் கணினியில் தெரியாத ஒரு காசாளர், பாஸ்புக்கை மட்டும் பார்த்துப் பணம் தருவது முறையாகாது.

முற்காலத்தில் இதற்குப் பாதி விதிவிலக்காக இருந்தது ஸ்டேட் வங்கிக் குழுமம். திருவாங்கூர், மைசூர் போன்ற பெயர்களில் இயங்கிய துணை வங்கிகளின் அட்டையை, 2017 ஏப்ரல் 1 அன்று அவை பாரத ஸ்டேட் வங்கியோடு முழுமையாக இணைவதற்கு முன்பே, குழுமத்தின் எந்த ஏ.டி.எம்.மிலும் சொந்த ஏ.டி.எம். போலப் பயன்படுத்த முடிந்தது. இணைந்த பிறகு பேரேடும் ஒன்றாகிவிட்டதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

தங்களுக்கு நடைமுறையில் வழி இருக்கிறது. கிராம வங்கியின் ஏ.டி.எம். அட்டை இருந்தால் எந்த வங்கியின் இயந்திரத்திலும் எடுக்கலாம். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு வேறு வங்கி இயந்திரங்களில் மாதம் 5 முறை கட்டணம் கிடையாது. சென்னை உள்ளிட்ட 6 பெருநகரங்களில் மட்டும் 3 முறை. இருப்புத் தொகையைப் பார்ப்பதும் ஒரு முறையாகக் கணக்கில் சேரும். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்பது 2025 மே 1 முதல் உள்ள விதி. அட்டை இல்லையென்றால், கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், கைரேகை வைத்துப் பணம் தரும் வங்கி முகவரிடம், அவர் எந்த வங்கியின் முகவராக இருந்தாலும், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை பெறலாம். இச்சேவைக்குத் தனியாகக் காசு கேட்டால் தர வேண்டியதில்லை என்பதையும், ரேகை வைப்பதற்கு முன் திரையில் உள்ள தொகையைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மஞ்சள் விற்ற பணம் கைக்கு வரும் மாதத்தில் இந்த இடத்தில்தான் ஏமாற்றம் நடக்கிறது.

கேள்வி: பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஒரே வங்கியின் 3 கிளைகளில் கிளைக்கு 5 லட்சம் வீதம் பிரித்துப் போட்டால் முழுவதும் காப்பீட்டில் வரும் என்கிறார் நண்பர். எங்கள் ஊர்ச் சொசைட்டியிலும் கொஞ்சம் வைப்பு இருக்கிறது. அதற்கும் காப்பீடு உண்டா?
— வாசகர், திருப்பூர்

பதில்: நண்பரின் கணக்குத் தவறு. வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பளிக்கிறது. 2020 பிப்ரவரி 4-க்கு முன் இது 1 லட்சமாக இருந்தது. 3 கிளைகள் ஆனாலும் 30 கிளைகள் ஆனாலும் வங்கி ஒன்று, காப்பும் ஒன்று. தங்கள் கம்பெனி தனி உரிமையாளர் நிறுவனமாக இருந்தால், அதன் கணக்கும் தங்கள் சொந்தக் கணக்கும் ஒருவருடையதாகவே கூட்டப்படும். கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் தனியாகக் கொள்ளப்படும். பழைய விஜயா வங்கியில் ஒன்றும் பரோடா வங்கியில் ஒன்றுமாக முன்யோசனையோடு பிரித்து வைத்தவர்களுக்கும், 2019 ஏப்ரல் 1 அன்று அவ்வங்கிகள் இணைந்த பிறகு இரண்டும் ஒரே வங்கிக் கணக்குகளாகிவிட்டன என்பது நினைவிருக்கட்டும்.

சொசைட்டி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி என்பது வங்கி; அதற்கு இந்தக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், மத்தியக் கூட்டுறவு வங்கியோடு எவ்வளவு நெருக்கமாக இயங்கினாலும், வங்கி அல்ல. அதில் போடும் வைப்புக்கு இக்காப்பீடு கிடையாது. நகைக்கடனுக்கும் பயிர்க்கடனுக்கும் சங்கத்தைப் போல் உதவும் இடம் ஊரில் வேறில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அங்கேயே வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: காலமான என் தகப்பனாரின் பெட்டியில் லட்சுமி விலாஸ் வங்கியின் வைப்பு ரசீது ஒன்றும், அவ்வங்கியின் பங்குப் பத்திரமும் கிடைத்தன. வங்கியே இப்போது இல்லையே?
— வாசகி, கரூர்

பதில்: 1926-இல் தங்கள் ஊரிலேயே தொடங்கிய அவ்வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. வைப்புத்தொகைக்கான பொறுப்பு டி.பி.எஸ். வங்கிக்குச் சென்றுவிட்டது. ஆகவே ரசீது, இறப்புச் சான்று, தங்களது அடையாள ஆவணம் ஆகியவற்றோடு அங்கே விண்ணப்பியுங்கள். நியமனம் (நாமினி) இல்லையென்றால் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். முதிர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்த தொகை என்றால் அது ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும். அப்போதும் உரிமை போய்விடாது, அதே வங்கி வழியாகவே திரும்பப் பெறலாம். பங்குப் பத்திரத்தின் நிலை வேறு: இணைப்பின்போது லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டதால், அந்தத் தாளுக்கு ஒரு ரூபாயும் வராது.