அம்மாவை ஜொகூர் பாருவுக்கு எப்படி அழைத்துப் போவது?

கேள்வி: நான் சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன். திருச்சியிலிருந்து அம்மா வந்திருக்கிறார். எழுபது வயது, முழங்கால் வலி. எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் சித்தியைப் பார்க்க ஆசைப்படுகிறார். சனிக்கிழமை காலை போய் ஞாயிறு மாலை திரும்பலாம் என்று நினைக்கிறேன். பஸ்ஸா, ரயிலா, டாக்சியா?

பதில்: முதலில் பயண நாளை மாற்றுங்கள். சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரே ஜொகூருக்குக் கிளம்பும். ஞாயிறு மாலையில் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள். செவ்வாயோ புதனோ ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நேரமெல்லாம் கடவுச்சீட்டைச் சோதிக்கும் குடிநுழைவு வரிசையில்தான் கரைகிறது. நான் ஜொகூர் பாருக்காரி. சிங்கப்பூர் எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஏழு மணி ஷிப்டுக்கு நாலரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புவேன்.

உங்கள் அம்மாவுக்கு ரயில்தான் சரி. உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியிலிருந்து ஜொகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரல் வரை மலேசிய ரயில்வேயின் ஷட்டல் தெப்ராவ் ரயில் ஓடுகிறது. ஐந்தே நிமிடப் பயணம். அங்கே போகும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். ஜொகூரில் இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. திரும்பும்போது மட்டும் மலேசியச் சோதனை ஜேபி சென்ட்ரலிலும் சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸிலும் நடக்கும். உட்லண்ட்ஸில் ஏறினால் ஐந்து சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), ஜொகூரில் ஏறினால் ஐந்து மலேசிய ரிங்கிட். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், போக வர இரண்டையும் முன்கூட்டியே இணையத்தில் வாங்கி வையுங்கள். அந்தச் சாவடி எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தை ஒட்டி இல்லை. அம்மாவை டாக்சியில் வாசல்வரை கொண்டுபோய் இறக்குங்கள். ரயில் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பாவது அங்கே இருக்க வேண்டும்.

ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ். உட்லண்ட்ஸிலிருந்து 950, கிராஞ்சியிலிருந்து 170எக்ஸ் அல்லது சிடபிள்யூ1, குவீன் ஸ்திரீட்டிலிருந்து ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம் போகும் 170 என்று நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் பை, குடையோடு இறங்கி, மாடி ஏறி இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். நீங்கள் வந்த பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். சிடபிள்யூ பஸ்ஸில் காகித டிக்கெட் தருவார்கள். அது தொலைந்தால் மறுபடி காசு. நான் அதைக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் செருகி வைப்பேன். மழை நாளில் அந்த மெல்லிய காகிதம் ஈரத்தில் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். நகத்தால் உரித்துத்தான் எடுப்பேன்.

ஒருமுறை என் தாயாரைச் சனிக்கிழமை பஸ்ஸில் அழைத்துப் போனேன். மின்படியில் கூட்டம் நெருக்கியதில் அவருடைய ஒரு செருப்பு கீழ்ப்படியிலேயே தங்கிவிட்டது. குனிந்து எடுக்க இடமில்லை. ஒற்றைச் செருப்போடு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அன்றிலிருந்து, வயதானவர்களைப் பஸ்ஸில் கூட்டிப் போகலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

டாக்சியில் ஒரு வசதி, உட்கார்ந்தபடியே குடிநுழைவை முடித்துக்கொள்ளலாம். ஆனால் விடுமுறை நாளில் கார் வரிசை மணிக்கணக்கில் நீளும், கழிப்பறைக்கு இறங்கவும் வழியில்லை. எல்லை தாண்ட உரிமம் உள்ள டாக்சியை மட்டும் அமர்த்துங்கள். சமூக ஊடகக் குழுக்களில் விளம்பரம் செய்யும் தனியார் கார்கள் வேண்டவே வேண்டாம். உரிமமின்றிப் பயணிகளை ஏற்றுவது சிங்கப்பூரில் குற்றம்; 3,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிடிபட்டால் அம்மா நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அம்மாவின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று இன்றே பாருங்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால், ஜொகூர் போனவர் அதே விசாவில் திரும்ப முடியாது. மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைக் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்புங்கள். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பியது செல்லாது.

சித்தி வீட்டுக்குப் போகும் வழியில் ராஜமாரியம்மன் கோயிலுக்கும் அழைத்துப் போங்கள். ஜேபி சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம்தான். முடியாவிட்டால் ஒரு டாக்சி.

கேள்வி: சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயில் வந்தால் இந்த அவதியெல்லாம் தீருமா?

பதில்: பெருமளவு தீரும் என்று நம்புகிறேன். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். ஏறும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும், இரு திசையிலும். ஷட்டல் தெப்ராவில் ஒரு திசைக்கு மட்டும் இருக்கும் வசதி இதில் இரண்டு பக்கமும் கிடைக்கும். ஆர்டிஎஸ் ஓடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஷட்டல் தெப்ராவ் நிறுத்தப்படும் என்பது ஏற்பாடு. அந்த ரயிலில் ஒருமுறையாவது போக விரும்புகிறவர்கள் அதற்குள் போய் வாருங்கள்.

கேள்வி: கடற்பாலத்தை நடந்தே கடக்கலாமா?

பதில்: நெரிசல் முற்றிய நாள்களில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பலர் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்; நானும் நடந்திருக்கிறேன். பக்கத்திலேயே லாரியும் மோட்டார் சைக்கிளும் விரையும், வெயிலுக்கு ஒதுங்க நிழலும் கிடையாது. குழந்தையோடும் பெட்டியோடும் வருகிறவர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருங்கள்.